மேடை ஓரத்து மரமும் என் அகலப் படமும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மச்சான் வரைவது. இங்கே நான், என் மனைவி, தங்கள் மனைவியாகிய என் தங்கை, தங்கள் மகள் நால்வரும் சுகம். தூர தேசத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் தாங்களும் சுகமாக இருக்க வேண்டும். இத்துடன் பள்ளிக்கூட ஆண்டு விழா டிஸ்க் வருகிறது. இதைச் சாதாரண டிஸ்க் என்று எண்ணிவிட வேண்டாம்.

சென்ற முறை நான் எடுத்து அனுப்பிய வீடியோவைத் தங்கள் புது அகல டிவியில் பார்த்துவிட்டு, "என்ன இப்படிப் பெருத்துட்டே, டாக்டரைப் பாரு" என்று தங்கையிடம் போனில் சொன்னீர்கள். அவள் பெருக்கவில்லை மாப்பிள்ளை. என் கேமரா பழசு, அது எடுக்கிற படம் ஏறக்குறையச் சதுரம். தங்கள் டிவி அதை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துத் திரை முழுக்கப் பரப்பிவிட்டது. வாசலில் நின்ற என் சைக்கிள் சக்கரம் பூசணிக்காய் மாதிரி தெரிந்திருக்குமே, அதையாவது கவனிச்சிருக்கக் கூடாதா? அன்னியிலிருந்து அவ உங்க போனை எடுக்கிறதில்லை. ராத்திரிச் சாப்பாடும் கிடையாது. படம் எடுத்த பாவின்னு எங்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசறதில்லை. புருஷன் பொண்டாட்டி நடுவுல ஒரு டிவி வந்து உக்காந்துடுச்சு.

பஸ் டிப்போ ஸ்டோரையே கட்டி மேய்ச்சவன் நான், இதுக்கா அசருவேன்? இந்த ஆண்டு விழாவை அகலமாவே எடுக்கிறதுன்னு முடிவு பண்ணேன். இன்னொரு காரணமும் உண்டு. நாடகத்துல உங்க மக மரம். மேடையோட கடைசி ஓரத்து மரம். எனக்குக் கிடைச்ச இடத்துலேர்ந்து பாத்தா ராஜா வரைக்கும்தான் கேமராவுல விழும், மரம் வெளியே நிக்கும். பெத்த அப்பன் பாக்கப்போற படத்துல பொண்ணு இல்லேன்னா அது என்ன படம்?

முதல்ல லென்ஸுக்கு மேலயும் கீழயும் கறுப்பு டேப் ஒட்டினேன். சினிமா மாதிரி மேல கீழ பட்டை விட்டு அகலமா வரும்னு பாத்தா, வீடே புகை மூட்டமா தெரிஞ்சுது. போட்டோ ஸ்டூடியோக்காரர்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் தலையில அடிச்சுக்கிட்டு, "லென்ஸுல இல்லைய்யா, கேமராவுல நீங்க பாக்குற குட்டித் திரையில ஒட்டணும். நடுவுல அடங்குற மாதிரி எடுங்க, மிச்சத்தை நான் கம்ப்யூட்டர்ல வெட்டிடறேன்"னார். சரின்னு எங்க வீட்டம்மாவை நிக்க வச்சு எடுத்தேன். அவர் வெட்டினதுல கொண்டையும் காலும் போச்சு, பக்கவாட்டுல ஒரு இம்மிகூட கூடலை. "உயிரோட இருக்கும்போதே தலையை வாங்கிட்டீங்களே"ன்னு அவ ஒரு மூச்சு அழுதா. கேமராவுக்குள்ளயே அகலம்னு ஒரு பட்டன் இருந்துது. ஆசையா அமுக்கினா, அதுவும் அதே வெட்டு வேலையைத்தான் பண்ணுது! கடைசியா ஸ்டூடியோக்காரரோட கால்ல விழாத குறையா கெஞ்சி, அவர் பீரோவுல பூட்டி வச்சிருந்த அமுக்குற லென்ஸை வாங்கிட்டு வந்தேன். கேமரா முன்னாடி மாட்டினா ரெண்டு பக்கமும் இருக்கிறதையெல்லாம் உள்ளே இழுத்து, பெட்டியில துணி திணிக்கிற மாதிரி திணிச்சுடும். எடுத்த படத்துல எல்லாரும் ஒல்லியா இருப்பாங்க, அகல டிவி இழுத்ததும் சரியாயிடும். ஆனா அது என் கேமராவுல நிக்கலை. விடுவேனா? சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினேன். ஸ்டூடியோக்காரரே ஆட்டி ஆட்டிப் பாத்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

விழாவன்னிக்கு நாற்காலி மேல ஏறி நின்னேன். "உக்காருய்யா பெரியவரே"ன்னு பின்னாலேர்ந்து கத்தினாங்க, நான் அசையலை. நடுவுல டியூப் நழுவி லென்ஸ் திரும்ப, ராஜாவும் மந்திரியும் கொஞ்ச நேரம் சாஞ்சு நிப்பாங்க. பூகம்பம்னு பயந்துடாதீங்க. மரம் மட்டும் முழுசா இருக்கு மாப்பிள்ளை! கையை விரிச்சுக்கிட்டு, இலை உதிராம, இமைகூட கொட்டாம நின்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நாடகம் முடிஞ்சதும் தாழ்வாரத்துல தங்கச்சி அவளுக்கு இலையைப் பிரிச்சு விடறதும் இருக்கு. இதைவிட அகலமா இந்தக் குடும்பத்துல யாரும் எடுத்ததில்லை, எடுக்கப்போறதுமில்லை.

ஆகவே, படம் ஓடும்போது ரிமோட்டைத் தொடாதீர்கள். தங்கள் டிவி வழக்கம்போல் இழுக்கட்டும். தங்கை உள்ளது உள்ளபடி தெரிவாள், தங்கள் சந்தேகம் தீரும், இரு வீட்டாருக்கும் நிம்மதி பிறக்கும்.

தாங்கள் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ மனதார வாழ்த்தும்,
மச்சான்.

பி.கு: நேத்து இதே டிஸ்க்கை நம்ம வீட்டுப் பழைய டிவியில தங்கச்சி பாத்துட்டா. அதுல எல்லாரும் ஊதுபத்தி மாதிரி இருக்காங்க. அவ நிறுத்தி நிறுத்தித் தன்னையே மூணு தடவை பாத்துட்டு, ராத்திரி வயிறாரச் சாப்பிட்டா. இப்போ இந்தக் கடிதத்தையும் படிச்சுட்டு, "ரிமோட்டைத் தொடாதீங்கன்னு நீ யாரு எழுத? இழுக்காம, இருக்கிறபடியே பாக்கச் சொல்லு"ன்னு நிக்கிறா. அதனால மேலே எழுதினது எல்லாம் ரத்து. அவ அந்தப் பக்கம் போனப்புறம் இதை எழுதறேன்: கதவைச் சாத்திக்கிட்டு அகலமாவே பாருங்க, உங்க பொண்ணு அழகா தெரிவா. ஆனா போன் பண்ணினா தங்கச்சிகிட்ட முதல் வார்த்தை, "ஏம்மா இப்படி இளைச்சுப் போயிட்டே?"ன்னு இருக்கட்டும். காலையிலேர்ந்து போனை மடியிலேயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.