பேட்டரி அண்ணன் சுற்றிய கிரிவலம்

செல்ஃபோனைப் பார்த்துத் தமிழ்நாட்டிலேயே முதலில் பயந்த மனிதர் எங்கள் பேட்டரி அண்ணன்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் ஊரே புது ஃபோனை வெளியே தெரியும்படி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தது. அவரோ ஃபோனைச் சட்டைப்பையிலும் அதன் பேட்டரியைச் சாப்பாட்டுப் பையிலும் வைத்திருப்பார். பேச வேண்டுமென்றால் சேர்ப்பார், பேசி முடித்ததும் பிரித்துவிடுவார். அவரை அழைத்து யாரும் பேசியதாகச் சரித்திரமே இல்லை.

தேரடி வீதிப் பக்கம் ஒரு மேன்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். அவருக்கு அரிசி மண்டியில் வேலை. "ஏண்ணே இப்படி?" என்று கேட்டால் குரலைத் தாழ்த்துவார்.

"நாம எங்க இருக்கோம்னு டவருக்குத் தெரியும்பா. டவருக்குத் தெரிஞ்சா கம்பெனில வேலை செய்றவனுக்குத் தெரியும். அவனுக்கு ஒரு மச்சான் இல்லாமலா இருப்பான்?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் அந்தச் சிரிப்பு நின்றது.

பக்கத்து அறை மணி, கீழ்பென்னாத்தூர்ப் பெண் கலாவுக்கு அன்று காலையில்தான் தாலி கட்டிக் கூட்டி வந்திருந்தான். வேறு சாதி. இருட்டுவதற்குள் பெங்களூர் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. அப்போது கலாவின் ஃபோன் அடித்தது. பேசி முடித்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அம்மாதான் பேசுனாங்க. எங்க அண்ணனோட மச்சான் ஃபோன் கம்பெனில இருக்காரு. நான் தேரடி டவர்ல இருக்கேன்னு சொல்லிட்டாராம். ஆள் சேத்துக்கிட்டு வராங்களாம். கண்டா வெட்டிடுவாங்கன்னு அழறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான் ஃபோனை அணைக்கப் போனேன். பேட்டரி அண்ணன் பிடுங்கிக்கொண்டார்.

"அணைச்சா கடைசியா இங்கதான் இருந்துச்சுன்னு ரூம் ரூமா தேடுவானுங்க. இது உயிரோட நடக்கணும். நீங்க ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. நான் மலைய சுத்தறேன்."

உயிருள்ள ஃபோனை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். எங்கு பார்த்தாலும் ஜன வெள்ளம். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. டவர் ஒன்று கண்ணில் பட்டால் போதும், பக்கத்து ஆளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வார்.

அடி அண்ணாமலையை நெருங்கும்போது அந்த ஆட்கள் எதிரே வந்துவிட்டார்கள். சீக்கிரம் மடக்குவதற்காக மலையை இடப்பக்கமாகச் சுற்றி வந்ததில் வழியெல்லாம் பக்தர்களிடம் திட்டு வாங்கியிருந்தார்கள். முன்னால் வந்த கலாவின் அண்ணன்காரன் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் உற்றுப் பார்த்தபடி ஃபோனில் கத்தினான்.

"இந்த டவர்லதான்னா எங்கய்யா? இங்க லட்சம் பேரு நடக்கறாங்க."

கத்திவிட்டு எங்கள் முன்னால் நின்று ஒரு போட்டோவை நீட்டினான். "இந்தப் பொண்ணப் பாத்தீங்களா?"

"இல்லப்பா," என்றார் பேட்டரி அண்ணன்.

"அவளுக்கே போட்டுப் பாக்கறேன்," என்று அவன் பொத்தானை அழுத்தினான்.

ஃபோனைச் சத்தமில்லாமல் வைக்கப் பேட்டரி அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் அதை உயிரோடு விட்டதே இல்லை. எனக்கும் அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. இடுப்பில் மணி அடித்தது.

"அண்ணாமலையாருக்கு..." என்று தொண்டை கிழியக் கத்தினார் பேட்டரி அண்ணன்.

"அரோகரா" என்று கூட்டம் முழங்கியது. எங்கள் ஊரில் யார் ஆரம்பித்தாலும் சுற்றி இருப்பவர்கள் முடித்துவைப்பார்கள். மணி அடிக்க அடிக்க அவரும் விடவில்லை. ஃபோனைக் காதில் வைத்திருந்த அண்ணன்காரனே, பழக்க தோஷத்தில் மறு கையைத் தூக்கி ஓர் அரோகரா போட்டான். "எடுக்க மாட்டேங்கறா," என்று முனகிவிட்டு அவன் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

மறுநாள் காலை மேன்ஷன் ஃபோனில் கலா பேசினாள். "அண்ணா, பத்திரமா வந்து சேந்துட்டோம்."

ரிசீவரைப் பேட்டரி அண்ணனிடம் கொடுத்தேன். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. முதல் நாள் கத்திய கத்தலில் குரல் சுத்தமாகப் போயிருந்தது. கண் கலங்க ரிசீவரை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார்.

"சாப்பிட்டீங்களான்னு அண்ணன் கேக்கறாரும்மா," என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் குரல் போய்விட்டது.