முதுகில் போட்ட நீல வட்டம்

மெல்போர்னில் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் படிக்கிற என் அருமைப் பேத்தி டெஸ்ஸாவுக்கு, வில்கரா பண்ணையிலிருந்து உன் பாட்டி வெர்னா ஆசி சொல்லி எழுதுவது. நான் நலம். உன் தாத்தா நலம். நாய் நலம். ஆடுகளில் நீலச் சாயம் அடித்தவை எல்லாம் நலம். சிவப்பு அடித்தவை போன வாரம் கசாப்புக்கு லாரியேறிவிட்டன. மழை இல்லை, அதை நலம் என்று எழுத முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள் என்று தபால்காரரிடம் மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் கேட்டுக்கொண்டார்.

இதைப் போனில் சொல்லலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய். காகிதம் குறுக்கே பேசாது.

விஷயம் அந்த மச்சம்தான். கிறிஸ்துமஸ் அன்று வெயில் தாங்காமல் எல்லோரும் குட்டையில் இறங்கினோமே, அப்போது என் தோளைப் பிடித்துத் திருப்பி, “பாட்டி, இது எப்பலேருந்து இருக்கு? கறுப்பா, ஓரமெல்லாம் பிஞ்சு பிஞ்சு?” என்று கத்தினாய். “எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?” என்றேன். “வெள்ளைக் குதிரைக்கு இப்படி ஒண்ணு இருந்தா நான் அன்னிக்கே வெட்டி எடுக்கச் சொல்லுவேன்” என்று சொல்லி, ஈரத் துணியோடு நின்று அழுதாய். குதிரை என்று சொன்னதை நான் மறக்கவில்லை. என் அண்ணன் லெஸ்ஸின் முதுகிலும் இப்படித்தான் ஒன்று வந்தது. ஆட்டுக் கம்பளி வெட்டு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றான். வெட்டு முடிந்தது, அவனும் முடிந்தான். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் டாக்டரிடம் போனது நீ சொன்னதால் அல்ல. ஆட்டுக்குக் கொடுக்கிற புழு மருந்து தீர்ந்துவிட்டது, டவுனுக்கு எப்படியும் போக வேண்டியிருந்தது, போகிற வழியில் எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். நேரம் கேட்டுப் போன் செய்தபோது, டாக்டரிடம் போன் எடுக்கிற அந்தக் கேலீன் பெண், “முதுகுல இருக்கிறது மறந்து போயிடும். கிளம்பறப்போ அதைச் சுத்திப் பேனாவால ஒரு வட்டம் போட்டுட்டு வாங்க” என்றாள். முதுகில் நானே போட்டுக்கொள்ள முடியாது, ஆகவே உன் தாத்தாவிடம் சொன்னேன். “பேனாவா? வேர்த்தா அழிஞ்சுடும்” என்று கொட்டகைக்குள் போனார். உள்ளே எதையோ உருட்டினார். வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். நான் முதுகுப் பொத்தானைக் கழற்றியபடி, துண்டைப் போர்த்திக்கொண்டு, நாயைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நிற்கிறேன். வெகுநேரம் கழித்து வந்தார், கையில் ஆட்டுக்கு அடிக்கிற சாய டப்பா. “யோவ் கிளெம், மனுஷி மேல அடிக்கிறதாய்யா இது?” என்றேன். “மழைக்கே போகாது. குனி” என்றார். ஓடுகிற ஆட்டுக்கு அடித்துப் பழகின கை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு, கொசுறாகக் குறுக்கே ஒரு கோடும் இழுத்துவிட்டார்.

சாயம் காயும் முன்னே என் சந்தனக் கலர் உடுப்பைப் போட்டது என் தப்பு. நேரமாகிவிட்ட கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. ரொட்டிக் கடையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், புது உடுப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நானும் சிரித்தேன். ஆட்டு ஏலக்காரன் பேர்ட் மட்டும் வாய்விட்டுக் கேட்டான்: “என்ன வெர்னா, கிளெம் உன்னை ஏலத்துக்குக் கொண்டாந்துட்டானா? பல்லைக் காட்டு, வயசு பார்க்கலாம்.” “காட்ட மாட்டேன், வேணும்னா கடிக்கிறேன்” என்றேன். அதற்குப் பிறகுதான் கடைக் கண்ணாடியில் என் முதுகைப் பார்த்தேன். முழு நிலா நீலமாக உதித்திருந்தது.

டாக்டர் ஒகேகே நைஜீரியாக்காரப் பெண், வயது உன்னைவிடக் கொஞ்சம்தான் கூட. முதுகைத் திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு, “மச்சம் எங்கே இருக்கு?” என்றார். “நீலத்துக்கு அடியில.” “எங்க ஊர்ல ஆட்டுக்குக் காதுலதான் அடையாளம் வைப்போம்” என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வட்டத்துக்குள் எவ்வளவு சாயம் வழிந்திருக்கிறது தெரியுமா? நர்ஸ் யூகலிப்டஸ் தைலத்தை ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தாள். வெளியே இருமலோடு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் டாக்டரைப் பார்க்காமலே குணமாகியிருப்பார்கள். அப்புறம் டாக்டர் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை முதுகில் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“கெட்டதா?” என்றேன்.

“பார்க்க நல்லா இல்ல. ஆனா மேலாக்க இருக்கிற மாதிரிதான் தெரியுது. இன்னிக்கே எடுத்து அனுப்பிடலாமா?”

எடுத்தார், தைத்தார். நான் ‘ஊம்’ என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பண்ணைக் கேட் ஒவ்வொன்றிலும் உன் தாத்தாவே வண்டியை நிறுத்தி, அவரே இறங்கித் திறந்து, அவரே மூடினார். பக்கத்தில் உட்காருபவர் இறங்குவதுதான் முறை, கல்யாணமான நாளிலிருந்து அது என் வேலை. அவர் இறங்கினபோதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

அடுத்த வாரம் டாக்டர் கூப்பிட்டார். கெட்டதேதான், மெலனோமா என்கிற தோல் புற்று. ஆனால் தோலின் மேல் அடுக்கோடு நின்றிருக்கிறது, கீழே இறங்கவில்லை. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டி எடுத்தார்கள், அதுவும் சுத்தம் என்று நேற்று தகவல் வந்தது. “இன்னொரு கிறிஸ்துமஸ் வரைக்கும் விட்டிருந்தா நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம். யார் கவனிச்சது?” என்றார் டாக்டர். “என் பேத்தி. குதிரை டாக்டர்” என்றேன். “நான்தான் அவளோட முதல் குதிரை.”

இதோடு முடிந்தது என்று இருந்தால், இன்று காலை பக்கத்துப் பண்ணை மெர்வ் போனில் வருகிறான். “வெர்னா, அந்தக் கிழவனை என் நீல டப்பாவைத் திருப்பித் தரச் சொல்லு.”

“உன் டப்பா எதுக்கு? எங்க கொட்டகையில இல்லாத சாயமா?”

“சிவப்புதான் மிச்சம் இருந்துச்சாம். ‘வெர்னாவுக்கு நான் சிவப்பு அடிக்க மாட்டேன்’னு அன்னிக்கு என் வாசல்ல வந்து நிக்கிறான். சும்மா ஒரு வட்டம்தானேடா, எந்தக் கலரா இருந்தா என்னன்னேன். என்னை அடிக்கக் கையை ஓங்கிட்டு வந்துட்டான்.”

உன் தாத்தாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் அவர் தட்டில் இரண்டு கறித்துண்டு கூட வைத்தேன். “எதுக்கு?” என்றார். “சும்மா” என்றேன்.

ஆகவே நீ கவலைப்படாமல் படி. லீவு போட்டுக்கொண்டு இங்கே வராதே. ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்கிறார் டாக்டர், நான் போவதாக இல்லை. ஊருக்கே ஒரு தடவை முதுகைக் காட்டியாயிற்று. நீ முழுக்கைச் சட்டை போடு, அகலத் தொப்பி வை. கடிக்கிற நாயிடமிருந்தும் உதைக்கிற கழுதையிடமிருந்தும் ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

உன் நலம் விரும்பும் பாட்டி,
வெர்னா

பி.கு.: புழு மருந்து தீரவில்லை. கொட்டகையில் இரண்டு கேன் நிறைய இருக்கிறது. நீ அழுததால்தான் போனேன். ஆறு மாதத்துக்கு இப்போதே கேலீனிடம் பெயர் கொடுத்தாயிற்று. உன் தாத்தாவின் காது மடலில் ஒரு பொருக்கு, ஆறுவேனா என்கிறது. அதற்கு வரும் வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன், அவருக்கு இன்னும் தெரியாது. நீ லீவு போட்டுக்கொண்டு வா, அவரைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மெர்வின் நீல டப்பாவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.