மலையில் என்னை அதிகாரி ஆக்கிவிட்டார்கள்

அன்பு மச்சான் தமிழரசனுக்கு,

சின்னசேலத்திலிருந்து சுப்புராயன் எழுதுவது. நானும் உங்கள் அக்காவும் உடம்பளவில் நலம். நீங்கள் அதைவிட நலமாயிருப்பீர்கள். "ரம்யாவை பிஎச்.டி. படிக்க வைங்க மாமா" என்று கிளப்பிவிட்டுத் திருப்பூர் போய் உட்கார்ந்துகொண்டவருக்கு என்ன குறை?

பயன்பாட்டு மொழியியல் என்றார்கள். பெயரிலேயே பயன்பாடு இருக்கிறதே, உருப்படியான படிப்பு என்று நம்பினேன். அவளுக்குக் கிடைத்த தலைப்போ, கல்வராயன் மலைக்காரர்கள் ஒருவரிடம் ஒன்றை எப்படிக் கேட்கிறார்கள் என்பது. பக்கத்து வீட்டில் உப்பு கேட்பது, பங்காளியிடம் ஏர்மாடு கேட்பது, இப்படி. அதை போனில் பதிவு செய்து ஆராய வேண்டுமாம். தனியாக அனுப்ப மனசில்லாமல் பைக்கில் நான்தான் கூட்டிப்போனேன், அங்கேதான் சனி பிடித்தது. சர்க்கரை ஆலையில் எழுத்தராயிருந்து ஓய்வுபெற்றவன் எப்படிப் போவான்? வெள்ளைச் சட்டை, பையில் பேனா. ஊரிலிருந்த ஒரே பிளாஸ்டிக் சேரை எனக்குப் போட்டார்கள். ரம்யா தரையில் உட்கார்ந்து போனை ஆன் செய்ததும் செல்லன் என்பவர் எழுந்து நின்று, "ஐயா, எங்க ஊருக்கு ரோடு இல்லீங்க" என்று ஆரம்பித்தார். அவர் சம்சாரம் சாமியம்மாள், "புள்ளத்தாச்சிய தூளி கட்டித்தாங்க தூக்கிக்கினு போறோம்" என்றது. நான் அதிகாரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கோழிக்குழம்பு வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு எப்படி மச்சான் சும்மா எழுந்து வருவது? "ஆவன செய்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த தடவை பக்கத்து ஊர்க்காரங்களும் வந்து உட்கார்ந்துக்கினு இருந்தாங்க. உப்பும் கேக்கல, மாடும் கேக்கல, எல்லாரும் ரோடுதான்.

பதிவை அவளுடைய நெறியாளர் கேட்டிருக்கிறார். மலைமக்கள் பேச்சில் பெரிய புள்ளியாம், மலையில் காலே வைத்ததில்லை. "யாரும்மா இந்த அதிகாரி, நடுநடுவுல ஏப்பம் விடுறாரு?" என்றாராம். "இது இயல்பான பேச்சே இல்ல. ரோடு வர்ற எடத்தையெல்லாம் வெட்டிடு, இல்லன்னா கையெழுத்து கெடையாது"ன்னுட்டார். ரோட்டை வெட்டினால் மிச்சம் என் ஏப்பம்தான். இவளோ, "வெளியாளப் பாத்தா அவங்க இப்டித்தாம்பா கேப்பாங்க, அதாம்பா இயல்பு, வெட்டமாட்டேன்"ங்கறா. "இன்னாடி வீம்பு, கையெழுத்து முக்கியமா ரோடு முக்கியமா"ன்னு கத்திட்டேன். வூட்டுல இப்ப பேச்சுவார்த்தை இல்ல. இத்தனை வருஷப் படிப்பு ஒரு கையெழுத்துல தொங்குது மச்சான். தாய்மாமன் சொன்னால் கேட்பாள். உடனே போன் போட்டு வெட்டச் சொல்லுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், மொழியியல் தவிர எதைப் படித்தாலும் அமோகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா சுப்புராயன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் செல்லன் மலையிலிருந்து வந்து நிற்கிறார், கையில் ஒரு பலாப்பழம். அவர் மருமகளைத் தூளியில் இறக்கும்போது வழியிலேயே, பாறைமேல் பிரசவமாம். சாமி புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "ஆம்பளப் புள்ளைங்க. ரோடு போடுறேன்னு சொன்ன ஐயா பேரையே வச்சிட்டோம்" என்றார். ரம்யாவிடம் நானே வெட்டாதே என்று சொல்லிவிட்டேன், அந்த ஆள் கையெழுத்து போடாவிட்டால் போகட்டும். நீங்கள் போன் எதுவும் போட வேண்டாம். திங்கட்கிழமை அந்தப் பதிவோடு கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன். நீங்களும் கூட வாங்க மச்சான். அங்கே போய் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.