கிரேக்க வகுப்பில் எனக்குக் கிடைத்த வேஷம்

திண்டிவனத்தில் கிரேக்க மொழி வகுப்பு நடத்திய வாத்தியாரே, என் பிழைப்பைக் கெடுத்தது நீங்கள்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

வல்லத்தில் எங்கள் கிணறு வற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிரேக்க நாட்டுத் தக்காளிப் பண்ணையில் ஒரே ஒரு வேலை இருக்கிறது, அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசினால் போதும் என்றார் விழுப்புரம் ஏஜெண்ட். எங்கள் வீட்டுக்கு வேறு வழி இல்லை. வகுப்பில் சேர்ந்தேன்.

நாங்கள் ஆறு பேர். முதல் பாடமும் ஆறு சொல்: நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். வாத்தியார் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். 'நான்' என்கிற 'எகோ' மரக்காணத்து மீனவன் காசிக்கு. 'நாங்கள்' என்கிற 'எமீஸ்' எனக்கு. வரிசையாக எழுந்து அவரவர் சொல்லில் வாக்கியம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரன் பாட்டைக் கோமாளியாக வரும் கட்டியங்காரன் படிக்க மாட்டான். அதனால் எனக்கு இது தப்பாகவே படவில்லை. (புத்தி அவ்ளோதான்.) மூன்று மாதம் மாடுகளுக்கு நடுவில் நின்று, "நாங்கள் விவசாயிகள், நாங்கள் நலம்" என்று முழங்கினேன். காசியின் சொல்லை வாயால் தொடவில்லை.

விழுப்புரத்தில் நேர்காணல். கணினித் திரையில் பண்ணைக்கார அம்மா. அவர் கேட்பதை ஏஜெண்ட் தமிழில் சொல்வார். பதில் மட்டும் கிரேக்கத்தில். யார் நீ என்றார். நாங்கள் விவசாயிகள் என்றேன். எத்தனை பேர் என்றார். நாங்கள் நலம் என்றேன்.

ஏஜெண்ட் காதைக் கடித்தார். "யோவ், குடும்பத்தோட போறியா? உன்னப் பத்தி மட்டும் சொல்லுயா, ஜல்தி."

"அந்த 'நான்' காசியோடதுங்க. அடுத்த ஆளா வெளிய ஒக்காந்துகினு இருக்கான். இட்டாரட்டுங்களா?"

நானே போய் அழைத்து வந்தேன். காசி என் நாற்காலியில் உட்கார்ந்து, "எகோ" என்று மார்பைத் தொட்டு, நான் விவசாயி, நான் நலம் என்று கடகடவென ஒப்பித்தான். எனக்காகத்தான் சொல்கிறான் என்று பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. காசியை எடுத்துக்கொண்டார். (செடியில தக்காளிய அவன் பார்த்ததே இல்ல.)

இப்போது ஊரான் கொல்லையில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்டுகிறேன். சோறு போடும்போதெல்லாம் என் மனைவி கேட்கிறாள்: "உனக்கு மட்டுமா, இன்னும் நாலு பேரு வர்றாங்களா?" பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாத்தியாரே, அந்த ஆறு சொல்லையும் நீங்கள் சேர்த்துச் சொல்லி நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். புத்தகம் இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல், எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். தெரியுமா, தெரியாதா?