துரைக்கு எக்கோ எடுத்த வரலாறு

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வந்தவன் ஒரு நாளாவது திரும்பிப் போய், "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டானா? இல்லை. பல லட்சம் ஆண்டுகளாக நீடித்த இந்த நன்றிகெட்ட வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை, கிள்ளைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தனியார் விலங்குப் பூங்காவையும், அதன் செயலாளராகிய என்னையும் சேரும். தன்னடக்கம் காரணமாக என்னை இரண்டாவதாகக் குறிப்பிட்டேன்.

எங்களிடம் துரை என்றொரு சிம்பன்சி உண்டு. கூண்டில் வாழும் மனிதக் குரங்குகளுக்கு இதய நோய் வருகிறது, எக்கோ எடுத்தால் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்று தலைவர் தில்லைநாதன் எங்கோ கேள்விப்பட்டார். உடனே அவசரக் கூட்டம்.

"மனுசனே எக்கோவுக்கு வரிசைல நிக்கிறான். நம்ம துரைக்கு வரிசையே கெடையாது!" என்று அவர் முழங்க, நாங்கள் தட்டிய கைதட்டல் பிச்சாவரம் வரை கேட்டிருக்கும்.

இயந்திரம் வந்தது. அதை வெயிலில் வைக்க முடியுமா? கூண்டை ஒட்டியே, குளிர்சாதன வசதியுடன் 'அன்னை விருத்தாம்பாள் நினைவு இதய ஆய்வு மாளிகை' எழுந்தது. விருத்தாம்பாள் தலைவரின் தாயார். திறப்பு விழாவுக்கு முதுநகரிலிருந்து பேண்டு செட். வெடிச் சத்தத்தில் துரை கூண்டின் மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

"அடக்கத்தப் பாருங்க" என்று தலைவர் நெகிழ்ந்தார்.

மயக்க ஊசி போட்டு எக்கோ எடுப்பது இதயத்துக்கு நல்லதில்லையாம். ஆகவே, விழித்திருக்கும்போதே எடுப்பதற்குப் பராமரிப்பாளர் பச்சமுத்து பயிற்சி கொடுத்தார். கிள்ளை மீனவர் வீட்டுப் பிள்ளை. துரையும் அவரும் பழகுவது மாமன் மச்சான் போல.

"மச்சான், நெஞ்சக் காட்டு."

துரை கம்பி வலையில் மார்பை ஒட்டி நிற்கும். உடனே ஒரு பண்ருட்டிப் பலாச்சுளை. சில வாரங்களில், வலைக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் நெஞ்சைக் காட்டத் தொடங்கிவிட்டது. எங்கள் நிர்வாகக் குழுவில் இதுவரை ஒருவரும் இவ்வளவு 'வெளிப்படையாக' நடந்துகொண்டதில்லை.

கால்நடை மருத்துவர் சுல்தானா வந்தார். ஜெல் தடவிய கருவியை வலையின் இடைவெளியில் வைத்துத் திரையைப் பார்த்தார். முகம் மாறியது.

"இதயத் தசை இறுகிக்கிட்டு வருது சார். மாத்திரை தரேன், ஆனா அது மட்டும் போதாது. இவன் ஓடணும், ஏறணும். இப்படியே உக்காந்திருந்தா ரொம்ப நாள் தாங்க மாட்டான். போன வருசம் நான் வந்தப்ப கூண்ட ஒட்டி ஒரு திடல் இருந்துச்சே, பெரிய புங்கமரத்தோட? நாளெல்லாம் அதுலதானே ஏறி எறங்குவான்? எங்க சார் அது?"

"நீங்க நிக்கிறீங்களே, அந்த எடந்தாம்மா" என்றார் பச்சமுத்து.

அடுத்த அவசரக் கூட்டத்தில், கட்டடத்தை இடித்துத் திடலைத் துரைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

"கல்வெட்டுல எங்க அம்மா பேரு இருக்கும்மா" என்று தலைவர் கண்கலங்கினார்.

விஷயம் உணர்ச்சிமயமானதால் நானே தீர்வு கண்டேன். கூண்டுக்குள் ஒரு பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸ் பேனர். அதில் பசுமையான ஆலமரம். மேல் கிளைக்குப் பக்கத்தில், கைகூப்பிய நிலையில் தலைவர். துரை ஆசையாய்த் தாவி ஏறியது. ஃப்ளெக்ஸ் கிழிந்து, துரை கீழே விழுந்தது. தலைவர் இரண்டாகக் கிழிந்ததற்கு விளக்கம் கேட்டுப் பச்சமுத்துவுக்கு மெமோ கொடுத்தோம்.

ஆனாலும் நாங்கள் கைகட்டி உட்காரவில்லை. மாதம் ஒரு முறை எடுத்த எக்கோவை வாரம் ஒரு முறையாக உயர்த்தினோம். படங்களின் தெளிவு அபாரம். துரையின் இதயம் வாரத்துக்கு வாரம் நலிந்துவருவது கலரிலேயே தெரிகிறது. துளி சந்தேகத்துக்கும் இடமில்லை.

நேற்று துரைக்குப் பார்த்து முடித்ததும், இவ்வளவு நல்ல இயந்திரம் சும்மா இருப்பானேன் என்று நானும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தேன்.

"நான் மாட்டு டாக்டர் சார்" என்றார் சுல்தானா.

"பரவாயில்ல, பாருங்க."

பார்த்தார். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அருமையா இருக்கு சார். எக்சர்சைஸ் பண்றீங்களோ?"

"தெனமும் விடிகாலைல தேவனாம்பட்டினம் பீச்சுல நடை! ஒரு நாள் நடக்கலன்னாலும் நெஞ்சு அடைக்கிற மாதிரி ஆயிடும்மா" என்றேன் பெருமையாக.

பச்சமுத்து ஜெல்லைத் துடைக்கத் துணியை நீட்டினார். வலைக்கு அந்தப் பக்கம், துரை இன்னும் நெஞ்சை ஒட்டியபடியே நின்றிருந்தது.

"ஒரு நாளைக்கே அடைக்குதா சார்?" என்றார் பச்சமுத்து. "எம் மச்சான் நடந்து எட்டு மாசம் ஆவுது. அவன் நடந்த எடத்துலதான் நீங்க படுத்திருக்கீங்க."