மணி அடிக்காத சவுண்டு கார்டு

அது தொண்ணூற்றாறா, தொண்ணூற்றேழா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாகஸ்வரம் "பீ" என்று ஒருமுறை கத்திவிட்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அதுகூட "பே" என்றிருக்கலாம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் கேசவன் திறக்கவிருந்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் அந்தச் சத்தம். திறப்பு விழாவுக்கு மேளக்காரர்களை வேண்டாமென்று சொல்லியாயிற்று. குத்துவிளக்கு ஏற்றும்போது கம்ப்யூட்டரே மங்கள இசை வாசிக்கும் என்று கேசவன் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். வாசிக்க வைக்க வேண்டியவர் சுந்தர்சிங், சென்டரின் ஒரே ஆசிரியர். இதற்காகவே பழைய வேலையை விட்டு வந்தவர்.

"இன்னா சார், தும்முது?" என்றார் கேசவன்.

'சவுண்டு டிரைவர் டைம் அவுட்' என்று திரையில், அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் எழுதியிருந்தது.

"டிரைவர் வெயிட் பண்ணிப் பாத்துட்டு விட்டுடுச்சு சார்."

"டிரைவரா? நான் இன்னும் வண்டியே வாங்கலையே!"

சுந்தர்சிங் பெட்டியைத் திறந்து காட்டினார். "இதான் சவுண்டு கார்டு. கொஞ்சம் வாசிச்சதும், அடுத்தது குடுன்னு மணி அடிக்கும். அந்த மணிக்கு ஒரு நம்பர் உண்டு. இந்தக் குட்டிக் கறுப்புத் தொப்பி எந்த ஊசியில உக்காந்திருக்கோ, அதான் நம்பர். டிரைவர்ங்கிற புரோகிராம் வேற நம்பர்ல காத்திருந்தா அதுக்குக் கேக்காது."

"இப்ப எந்த நம்பர்?"

"கார்டுல ஏழு. டிரைவர் அஞ்சுல காத்திருக்கு."

கேசவன் குனிந்து ஊசிகளை எண்ணிப் பார்த்தார். காபி கொண்டுவந்த அவர் மனைவி கங்கையம்மாளும் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஊசியைத் தொட சுந்தர்சிங்குக்குப் பயம். டிரைவரையே ஏழுக்கு மாற்றினார். அதற்கு லினக்ஸின் அடிவயிறு முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும்; அரை நாள் போயிற்று. மறுநாள் போட்டார்.

"பீ."

கூடவே பிரிண்டரும் படுத்துவிட்டது. அதுவும் ஏழாம் நம்பர்க்காரன். அழைப்பிதழ்களைக் கையால் எழுதினார்கள்.

பெட்டியைத் திறந்தார். தொப்பி ஐந்தில் இருந்தது.

நேற்று தப்பாகப் பார்த்துவிட்டோமோ? டிரைவரை மறுபடி ஐந்துக்கு மாற்றினார். மறுபடி கட்டும் அவசரத்தில் மௌஸுக்கான பகுதியைச் சேர்க்க மறந்தார். அடுத்த நாள் மௌஸும் நகரவில்லை. நாகஸ்வரம் "பீ"க்கு மேல் போகவில்லை. தொப்பி ஏழில் இருந்தது.

சுந்தர்சிங் தாம்பரத்துக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டார். கண் நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"எலி ஏதாவது நகத்துதோ சார்?"

"எலிக்கு நம்பர் தெரியுமா?" என்றார் கேசவன். "தோ பாருங்க, வாசிக்கலைன்னா நீங்க வேற வேலை பாத்துக்கங்க."

கடைசியில் ஜெபம் பண்ணிவிட்டுத் தொப்பியையே பிடுங்கி ஐந்தில் வைத்தார். அன்று மாலை நாகஸ்வரம் முழுதாக வாசித்தது. மிஷினை அணைத்துவிட்டு, பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

விழாவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தட்சிணாமூர்த்தி விளக்கை ஏற்றினார். சுந்தர்சிங் விசையைத் தட்டினார்.

"பீ."

பிறகு நீண்ட மௌனம். யாருக்கோ அஞ்சலி போலிருக்கிறது என்று தலைமையாசிரியர் தலை குனிந்தார். கூட்டமே எழுந்து தலை குனிந்தது. திறப்பு விழா அப்படியே காரியம் போல முடிந்தது.

"நாளைக்கு வராதீங்க சார்" என்றார் கேசவன்.

சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டிருந்த சுந்தர்சிங்கிடம், வரவேற்பு மேஜையில் உட்காரும் பொன்னியம்மாள் மெதுவாக வந்தாள்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சார். கேசவன் அண்ணனுக்கு ராசி நம்பர் அஞ்சு, கங்கையம்மா அக்காவுக்கு ஏழு. நீங்க வூட்டுக்குப் போனதும், அஞ்சா இருந்தா அக்கா வந்து ஏழுல குத்திடுவாங்க, ஏழா இருந்தா அண்ணன் வந்து அஞ்சுல குத்திடுவாரு."

சுந்தர்சிங் படப்பையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பொன்னியம்மாள் கல்யாணமாகிக் குன்றத்தூர் போனாள். சென்டர் இருந்த இடத்தில் மருந்துக் கடை இருக்கிறது. கேசவனும் கங்கையம்மாளும் நலம். அவர்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு கதவு எண்கள்: ஐந்து, ஏழு.