அந்தோணியார் கிளப்பிய ஆஸ்டின்

கர்ரக், கர்ரக், கர்ரக். அப்புறம் ஒரு மௌனம். யாரோ பேச வந்து, தொண்டையைச் செருமிவிட்டு, வந்த விஷயம் மறந்துபோய் நின்ற மாதிரி. ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தச் சத்தத்தோடுதான் விடிந்தன. என் கணவர் லியோனார்ட் தன் ஆஸ்டின் காரின் மூக்கில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுகிற சத்தம் அது. மழை விட்ட காலைகளில் இன்னும் என் காதில் விழுகிறது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஃபோர்மன். அவருக்கு மேலே இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது விட்டுப்போன கார். என்னைவிட மூத்தது. நான் துணி உலர்த்திய முற்றத்தில் அது குடியேறியது. துணி மாடிப்படிக்குப் போனது. கடற்காற்றின் உப்பு படாமலிருக்க அதன்மேல் ஒரு தார்ப்பாய், தார்ப்பாய் உரசாமலிருக்க அதற்குள் என் கம்பளிப் போர்வை. அந்த மார்கழி முழுக்க எனக்குச் சளி.

மோட்டார் கிளப்காரர்கள் வருஷா வருஷம் தீவுத்திடலில் பழைய கார் கண்காட்சி நடத்துவார்கள். சிறந்த காருக்கு வெள்ளிக் கோப்பை. முந்தின வருஷங்களில் வெறுங்கையோடு திரும்பியவர், எழுபத்தொன்றில் சபதமே செய்தார்.

"இந்தத் தபா கப்பு நம்ம வூட்டுக்கு வருது, ரோசி. கண்காட்சி முடியற வரைக்கும் வண்டியில ஒரு ஈகூட குந்தக் கூடாது."

"அத ஈகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"மெய்யாலுமே சொல்றேன். பெயிண்ட்டுல ஒரு கீறல் வுழுந்துச்சோ, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

இதில் ஒரு சங்கடம். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் என் தங்கை டோரதிக்கு எண்ணூர் கோயிலில் கல்யாணம். என் கல்யாணத்துக்கு நான் சைக்கிள் ரிக்‌ஷாவில் போனேன். சக்கரம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போய்த் தாலி வாங்கினேன். லியோனார்டின் அக்காமார்கள் அதை இன்னமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் என் அம்மா சிலுவையம்மாள், பெரம்பூர் சம்பந்தி வீட்டில் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்: "எம்பொண்ணு கார்ல வந்து எறங்கும்." அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

நான் கார் கேட்ட மறுநாளே கார் படுத்துவிட்டது.

"உள்ள ஒரு சாமான் பூட்சு," என்றார் லியோனார்ட். "பம்பாய்லேர்ந்து வரணும்."

"எப்ப வரும்?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"கல்யாணம் காலையில."

"அதான் எனக்கும் பேஜாரா கீது."

அம்மா எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். காரைச் சுற்றி வந்தாள். மாப்பிள்ளையையும் ஒரு சுற்று பார்த்தாள்.

"மாப்ளே, நெசமாவே ஓடாதா?"

"ஓடினா நானே ஓட்டிகினு வர மாட்டனா அத்தே? பொண்ண நானே கூட்டாந்து கோயில் வாசல்ல எறக்குவேன். அந்தோணியார் மேல சத்தியம்!"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது. அவ்வளவு உருக்கமாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உகந்த நாள். காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று ஊரே அவரிடம்தான் முறையிடும். எங்கள் வீட்டுப் பீடத்திலும் அவர் இருந்தார். செவ்வாய்தோறும் சுரூபத்தை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவேன். செவ்வாய்க்கிழமைகளில் லியோனார்ட் கிரேனடியில் இருப்பார். அதனால் இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது.

அன்றைக்குச் சுரூபத்தை எடுத்தேன். பின்னால் கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒன்று, லியோனார்டின் கைக்குட்டையில் சுற்றி இருந்தது.

அடுத்த வீட்டு சௌக்கத் அலி கொருக்குப்பேட்டையில் லாரி மெக்கானிக். கொண்டுபோய்க் காட்டினேன்.

"அக்கா, இது ரோட்டராச்சே! இது இல்லாங்காட்டி வண்டி வெறும் தகர டப்பா. எங்க கீந்துச்சு?"

"அந்தோணியாருக்குப் பின்னால."

அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் பறந்தன. "காணாமப்போனத கண்டுபுடிக்கறவர்கிட்டயே ஒளிச்சு வெச்சுக்கீறாரே, நைனா!"

"மாட்டித் தருவீங்களா?"

"இப்ப இருந்த எடத்துலயே வெச்சுடுங்க. வெள்ளிக்கிழமை அவரு டூட்டிக்குப் போனதும் மாட்டிடலாம்."

சனிக்கிழமை காலை. டோரதியையும் அம்மாவையும் முந்தின நாளே எண்ணூரிலிருந்து வரவழைத்திருந்தேன். டோரதி எங்கள் வீட்டில்தான் அலங்காரம் செய்துகொண்டாள். லியோனார்ட் கோட்டு மாட்டிக்கொண்டு சீட்டியடித்தார். வாசலில் ரிக்‌ஷா நின்றது.

"பொறப்படறதுக்கு முந்தி ஒரு தபா சுத்திப் பாருங்களேன். அம்மா மனசுக்காக," என்றேன்.

"அதுக்கின்னா, சுத்தறேன்." எல்லாரும் பார்க்க, சாவு வீட்டில் முகத்தை வைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டு, கைப்பிடியைச் செருகினார்.

கர்ரக், கர்ரக். மௌனம் வரவில்லை. கார் கிளம்பிவிட்டது.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். லியோனார்ட், கைக்குட்டை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே ஓடினார். பின்னாலேயே போனேன். சுரூபத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தூசிகூட இல்லை.

"இன்னாங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. கும்புட்டேன்."

வெளியே அம்மா காத்திருந்தாள். "மாப்ளே, வண்டி எப்படிக் கெளம்புச்சு?"

"அது... தானா சரியாப் பூட்சு."

"தானா ஆவுமா? சாமி செஞ்சத சாமி செஞ்சதுன்னு வாயத் தொறந்து சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். நான் டோரதியின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் ஒளித்து வைத்ததையும் சொல்ல வேண்டும்.

"சாமிதான் அத்தே," என்றார்.

ஈ குந்தக் கூடாத காரில் ஆறு பேர் ஏறினோம். திருவொற்றியூர் சாலை முழுக்க உப்புக் காற்று. டோரதி கோயில் வாசலில் இறங்கியபோது பெரம்பூர்க்காரர்கள் வாயை மூட மறந்தார்கள். என் தங்கையின் கவுனில் ஒரு பொட்டு சேறில்லை. அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூசை முடிவதற்குள் அம்மா எண்ணூர் முழுக்கச் சொல்லிவிட்டாள். வெளியே வந்தால், அந்தோணியார் கிளப்பிய வண்டியைப் பெண்கள் தொட்டுத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மட்கார்டில் மெழுகுவர்த்தி. பானெட்டில் வரிசையாக மெழுகுவர்த்தி. ஒரு கிழவி கைக்குழந்தையை முன் சீட்டில் படுக்க வைத்திருந்தாள்.

"ஏம்மா, பெயிண்ட்டு!" என்று கத்தினார் லியோனார்ட்.

"சாமி வண்டிக்கு இன்னாத்துக்குப்பா பெயிண்ட்டு?" என்றாள் கிழவி.

மறுநாள் தீவுத்திடலில் நடுவர் பானெட்டை நகத்தால் சுரண்டினார்.

"இது என்ன மிஸ்டர், மெழுகு பாலிஷா?"

"மெழுகுவர்த்தி சார்."

கோப்பை யாரோ எழும்பூர்க்காரருக்குப் போனது. லியோனார்ட் வீட்டுக்கு வந்து காரின்மேல் போர்வையைப் போர்த்தப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் மீன் விற்கிற தேவகிருபை வந்து நின்றாள். "எம்பொண்ணு கல்யாணத்துக்கும் அந்தோணியார் வண்டிதான் வேணும் நைனா." சாமி வண்டியை எப்படி இல்லை என்பது?

லியோனார்ட் அதற்கப்புறம் எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் மணப்பெண்களைக் கோயிலில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்து, எண்பத்துநாலில் காலமானார்.